சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) டயர் கடை: வேலை சுத்தம்

முன் டயரின் பள்ளத்தில் அளவுகோலை விட்டுப் பார்த்த கடைக்காரர், "அண்ணே, சட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் போதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் இறக்கத்துல மழைக்குப் போதாது" என்றார். சரிதான். 100 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதித்தாலே வண்டி 28 மீட்டர் ஓடிவிடும். அப்புறம்தான் டயருக்கே வேலை. ரொம்ப நாள் கழித்து விழும் முதல் தூறலில், ரோட்டில் படிந்த எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். முன்னால் போகிறவரை இடித்துவிட்டு "ரோடு வழுக்கியது" என்றால் எடுபடாது. இடைவெளி விடுவது நம் பொறுப்பு. அரசின் சாலை விபத்து நிதி இழப்பீடு தருவது உடற்காயத்துக்குத்தான், பம்பருக்கு இல்லை. டயர் மொட்டை என்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் வேலை கச்சிதம், விலை கொஞ்சம் கூடுதல். சனிக்கிழமை போகாதீர்கள், வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.