சுங்கை சிப்புட்டில் ஒரு தராசுக் கடை

முறுக்கும் ஓமப்பொடியும் வீட்டில் சுட்டு இரவுச் சந்தையில் விற்கும் நான், தராசுகளை விற்றுப் பழுதும் பார்க்கும் நம்மூர்க் கடையொன்றில் 15 கிலோகிராம் மின்னணுத் தராசை 280 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன்.

பணம் வாங்குமுன் கடைக்காரர் 10 கிலோ எடைக்கல்லைத் தட்டில் வைத்தார், திரை 9.970 என்றது. பழுதோ என்று நான் தயங்க, மின்னணுத் தராசு புவியின் இழுவிசையையே உணர்கிறது என்றும், ஐரோப்பாவில் திருத்தி அனுப்பிய கருவி அந்த இழுவிசை சற்றுக் குறைவான, நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பேராக் மாநிலத்தில் 10 கிலோவுக்கு ஏறத்தாழ 29 கிராம் குறைத்துக் காட்டும் என்றும் விளக்கி, அங்கேயே அளவைத் திருத்திக் கொடுத்தார். வேறோர் ஊரில் பெட்டியோடு வாங்கிய என் முந்தைய தராசை யாரும் இப்படிச் சோதித்துத் தரவில்லை.

அந்த எடைக்கல்லின் வம்சாவளி பிரான்சுக்குப் போகிறது. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தொலைவில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று 1791-இல் அந்நாடு முடிவு செய்ய, வானியலாளர்கள் தெலாம்பரும் மெஷானும் வடபிரான்சின் டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நிலத்தை அளந்தார்கள். புவியின் தட்டைத்தன்மையைக் கணிப்பதில் நேர்ந்த பிழையால் மீட்டர் 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையாகிப்போனாலும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒரு கன டெசிமீட்டர் நீரின் நிறையே கிலோகிராம் ஆனது. இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய அளவைத் தன் உடைமையாக வைத்துக்கொள்ளாமல், 1875 மே 20 அன்று பாரிசில் 17 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் வழியாக, பாரிசை அடுத்த செவ்ரில் இடமும் தந்து, அனைத்துலக எடை, அளவைப் பணியகத்திடம் ஒப்படைத்ததையே நான் பிரான்சின் பெரும்பங்காகக் கருதுகிறேன். 39 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாட்டினம்–இரிடியம் உருளை 1889 முதல் உலகின் கிலோகிராமாக அங்கே இருந்தது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்னும் மாறாத இயற்பியல் எண் அதன் இடத்தைப் பெற்றது. மலேசியா 2001-இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. (என் பாட்டி இன்னமும் மீனைக் 'கட்டி' என்ற பழைய எடைக் கணக்கில்தான் கேட்கிறார், ஒரு கட்டி 604.79 கிராம் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.)

குறைகளும் உண்டு. வியாபாரத் தராசுக்கு ஆண்டுதோறும் பெறவேண்டிய சரிபார்ப்பு முத்திரையை ஒரு வாரத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டதால், ஒரு சந்தை நாளை இழந்தேன். பின்புறத் திரையின் எண்கள் மங்கலாக இருப்பதால், வாடிக்கையாளர் குனிந்து பார்க்க வேண்டியுள்ளது. பழைய தராசையும் திருத்துவதற்காக அவர்களிடமே கொடுத்திருக்கிறேன். அதற்குக் கூலி 25 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை.