ராத்திரி கேப்சூல்: இயற்கை புரோஜெஸ்டிரோன், ஒரு மதுரைக்காரியின் ரிவ்யூ

தூக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த மருந்தின் மற்ற பலனெல்லாம் ஸ்கேனில்தான் தெரியும்; தூக்கம் மட்டும் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு முழித்து, ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி விடியும்வரை கிடந்த காலம் போய், அலாரம் அடித்தால்தான் எழுந்திருக்கிறேன். என் வயது 48. மாதவிடாய் நிற்கும் வயதுக்காக, ஒரு வருடத்துக்கு மேலாக மைக்ரோனைஸ்டு (நுண்பொடியாக்கிய) புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் கேப்சூல் 200 மி.கி. எடுக்கிறேன். மாதத்தில் 12 நாள், படுக்கப் போகும்போது ஒன்று. கூடவே கையில் தடவ எஸ்ட்ராடியால் ஜெல்; இது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். இரண்டும் டாக்டர் எழுதியது.

தூக்கம் வருவது பிரமை இல்லை. வாய்வழி போகும் புரோஜெஸ்டிரோனைக் கல்லீரல் உடைக்கும்போது அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் உண்டாகிறது. அது மூளையில் தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே பக்கத்தில்தான் போய் வேலை செய்கிறது. அதனால்தான் ராத்திரி மட்டும் போடச் சொல்கிறார்கள். நடு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தலை லேசாகச் சுற்றும். சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து அதிகமாக உடம்பில் ஏறும், கிறக்கமும் கூடும். கல்யாண ரிசப்ஷன் முடிந்து லேட்டாக வீட்டுக்கு வரும் நாட்களில் இதை நன்றாகவே பார்க்கலாம்.

மருந்துக் கடையில் ஒரு வேடிக்கை. கவுன்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "மகளுக்காங்கம்மா? எத்தனாவது மாசம்?" என்றான். "எனக்குத்தாம்ப்பா" என்றதும் முழித்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. சஸ்டன், நேச்சுரோஜெஸ்ட் என்று இங்கே கிடைக்கும் கேப்சூல்கள் பெரும்பாலும் கர்ப்பம் தங்குவதற்கும் ஐ.வி.எஃப்-க்கும்தான் போகின்றன. நான் வாங்கும் கம்பெனியின் துண்டுச்சீட்டிலும் மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றி ஏதோ ஓரத்தில் ஒரு வரி. அந்த எழுத்தைப் படிக்க என் கண்ணாடி பத்தாது.

இந்த வயதில் இது எதற்கு? மாதாமாதம் முட்டை வெளிவந்த பிறகு, அது இருந்த இடத்தில் உண்டாகும் கார்ப்பஸ் லூட்டியம்தான் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். நாற்பதுகளில் பல மாதம் முட்டையே வெளிவராது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக நின்று கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். ஒருநாள் ரத்தம் மொத்தமாகக் கொட்டும்; ஆபீஸ் நாற்காலியில் இருந்து எழவே பயமாக இருக்கும். வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்கும் இதே கதை. அந்தச் சுவரைக் காப்பதுதான் புரோஜெஸ்டிரோனின் முதல் வேலை, தூக்கம் கொசுறு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு இது பொதுவாகத் தேவைப்படாது. நம் பக்கம் அப்படி எடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

டூஃபாஸ்டான் மாத்திரையும் இதுவும் ஒன்றா என்று கேட்கிறார்கள். இல்லை. அது டைட்ரோஜெஸ்டிரோன், ஒத்த வேலை செய்யும் வேறு மூலக்கூறு. நம் உடம்பு சுரப்பதோடு அச்சு அசலாக ஒத்துப்போவது இந்தக் கேப்சூலில் இருப்பது. இதுவும் தொழிற்சாலையில் செய்ததுதான்.

இங்கேதான் என் அண்ணியின் கிரீம் வருகிறது. ஆன்லைனில் வாங்கியது, மேலே பூப்படம், 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று பெரிய எழுத்து, விலை என் மாதச் செலவைவிடக் கூட. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு, தேங்காய் எண்ணெய், வாசனை. "அண்ணி, இதுல புரோஜெஸ்டிரோனே இல்லையே" என்றேன். "கிழங்குல இருந்துதானே அதை எடுக்கிறாங்க?" என்றார். பாதி உண்மை. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளியில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்யும் வழியைக் கண்டார். 1944-இல் அங்கே சின்டெக்ஸ் கம்பெனியும் தொடங்கியது. ஆனால் அந்த மாற்றம் முழுக்க லேபில் நடப்பது. மனித உடம்பால் அதைச் செய்ய முடியாது. தோலில் தேய்த்தாலும் சரி, கிழங்கை அவித்துத் தின்றாலும் சரி.

நிஜமாகவே புரோஜெஸ்டிரோன் கலந்த கிரீம்களும் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகும் என்று நம்ப முடியாததால், ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்கள் கேப்சூலுக்குப் பதில் அதைத் தடவிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அண்ணி ஈஸ்ட்ரோஜன் எதுவும் எடுக்கவில்லை. அதனால் நான் சண்டை போடவில்லை, தோலாவது பளபளக்கட்டும்.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஆய்வை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு வாட்ஸ்ஆப் வரை வந்த செய்தி அது. அதில் கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும்; என் கேப்சூலில் இருப்பது அது இல்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. என் டாக்டர் இதை விளக்கிவிட்டு, "அதுக்காக இதுல ஆபத்தே இல்லைன்னு நான் எழுதித் தர மாட்டேன்மா, வருஷா வருஷம் மேமோகிராம் எடுத்துட்டு வாங்க" என்றார். அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். மார்பகப் புற்றுநோய், கல்லீரல் கோளாறு, ரத்தக்கட்டி வந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த எண்ணெயில் கரைத்திருக்கிறது என்று கேளுங்கள்; அமெரிக்காவில் விற்கும் புரோமெட்ரியம் கேப்சூலில் இருப்பது கடலை எண்ணெய்.

குறைகள்? ஆரம்பத்தில் வயிறு உப்பியது, மார்பு கனத்தது, பிறகு அடங்கிவிட்டது. கேப்சூல் நிறுத்திய சில நாளில் மாதவிடாய் வரும், அது எதிர்பார்த்ததுதான். முகத்தில் குப்பென்று ஏறும் சூட்டுக்கு என்னைப் பொறுத்தவரை ஜெல்தான் கேட்டது. ஒரு ஸ்ட்ரிப் சில நூறு ரூபாய், மாதாமாதம் என்றால் கணக்குப் பார்க்க வைக்கும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நான் வாங்கும் கம்பெனியில் 100, 200 இரண்டுக்கும் ஸ்ட்ரிப் ஒரே நிறம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்; கவுன்டரை விட்டு நகரும் முன்பே எண்ணைப் பார்த்துவிடுங்கள்.