அம்மாவின் பதக்கங்களுக்கு பிரேம் போட்டுத் தந்த வண்ணாரப்பேட்டைக் கடை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டித் திரும்பும் சந்து ஒன்றில், சாமி படங்களுக்கும் கல்யாணப் படங்களுக்கும் பிரேம் போட்டுத் தரும் சிறிய கடை இருக்கிறது. என் அம்மா மூத்தோர் தடகளப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்களையும் சான்றிதழ்களையும் ஒரே கண்ணாடிப் பெட்டியாக அமைக்கும் வேலையை அங்கேதான் கொடுத்தோம். வீட்டில் பதக்கங்களைப் பையில் முடிந்து வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். தம்பி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 37 வயதில் குண்டு எறிதலுக்கு வந்தார். மூத்தோர் தடகளத்தில் 35 வயது தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் உண்டு. பெண்களுக்கு 49 வயது வரை 4 கிலோ குண்டு, 50 முதல் 74 வரை 3 கிலோ, அதன் பிறகு 2 கிலோ. ராயபுரத்தில் எங்கள் வீட்டருகே இருந்த மைதானத்தில், போட்டிக்குரிய 2.135 மீட்டர் விட்டத்தில் அப்பா சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டுக் கொடுப்பார். விடிவதற்கு முன்பே அங்கே எறிந்து பழகிவிட்டு, வீடு திரும்பி எனக்குத் தலை பின்னி, இருவருக்கும் டிபன் கட்டிக் கொடுத்து, பிறகு பள்ளிக்குப் போய் அரிசி பருப்புக் கணக்கைப் பார்த்தவர் அவர். மாநில அளவில் பல முறையும் தேசிய அளவில் சில முறையும் பதக்கம் வாங்கியவரின் உழைப்பு அத்தனையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கடைக்காரர் டின்னைத் திறந்ததும் ஒவ்வொரு பதக்கத்தையும் துணியில் வைத்து இரு பக்கமும் பார்த்தார். ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக் காற்றில் உலோகம் எதுவும் தப்பாது. பல பதக்கங்களில் கருமையும் சிலவற்றில் பச்சைக் களிம்பும் படிந்திருந்தன. புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வரட்டுமா என்று அம்மா கேட்டபோது அவர் உறுதியாக மறுத்துவிட்டார். இவை பெரும்பாலும் மலிவான கலப்பு உலோகத்தின் மேல் மெல்லிய பூச்சுப் பூசியவை என்றும், அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்து உள்ளிருக்கும் சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும் என்றும் விளக்கி, உலர்ந்த மென்மையான துணியால் மட்டும் துடைத்தார். பசையோ இருபக்க டேப்போ அவர் பயன்படுத்தவில்லை. மவுண்ட் அட்டையில் கீறல் போட்டு ரிப்பனை உள்ளே நுழைத்து, பதக்கத்தைக் காசிமேட்டில் வாங்கிய மெல்லிய தூண்டில் நரம்பால் இரண்டு இடங்களில் கட்டினார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் அந்த நரம்பு கண்ணுக்கே தெரிவதில்லை.

இந்தக் கடையை நான் மனதாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அவர் வரிசை அமைத்த விதம்தான். அளவு பார்த்தோ, தங்கம் நடுவில் வெண்கலம் ஓரத்தில் என்றோ அடுக்காமல், "மொதல்ல வாங்குனது எதும்மா?" என்று கேட்டு, வயதுப் பிரிவு வாரியாக அம்மாவையே மேசையில் அடுக்கச் சொன்னார். அடுக்கி முடித்தபோது நாற்பதுகளின் நடுவில் எதுவும் இல்லாத ஓர் இடைவெளி தெரிந்தது. அவர் கேட்டதற்கு, "மாமியாருக்குப் பக்கவாதம் வந்துட்டுது, இவளுக்கு ப்ளஸ் டூ, நான் எங்க போறது?" என்றார் அம்மா. அந்த ஆண்டுகளில் அம்மா எந்தப் போட்டிக்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு நீளமாக, கை வைத்து அளக்கக்கூடிய இடமாகப் பார்த்தது அப்போதுதான். மற்றவற்றை நெருக்கி வைத்து அதை மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் சம்மதிக்காமல், அந்தக் காலத்துப் படம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். பாட்டியின் கட்டிலருகே நானும் தம்பியும் சீருடையில் நிற்கும் படம் இப்போது அந்த இடத்தில் இருக்கிறது.

அம்மா பத்திரப்படுத்திய செய்தித்தாள் துண்டு ஒன்றும் டின்னில் இருந்தது. மகனின் தூண்டுதலால் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 1 நிமிடம் 14 விநாடியில் ஓடி முடித்த மன் கௌர் பற்றிய செய்தி அது. செய்தித்தாள் தானாகவே மஞ்சளாகிப் பொடிந்துவிடும் என்பதால், அதன் கலர் நகலைப் பெட்டிக்குள் வைத்து, அசலைத் தனி உறையில் திருப்பிக் கொடுத்தார். லேமினேட் செய்யப்பட்டிருந்த சான்றிதழ்களைப் பிரிக்க முயன்றால் எழுத்தோடு உரிந்து வரும் என்று சொல்லி அப்படியே பொருத்தினார்.

பழைய 4 கிலோ இரும்புக் குண்டையும் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். கண்ணாடியும் சுவரும் அந்தக் கனத்தைத் தாங்காது என்று சொல்லி, குண்டு உருளாமல் உட்காரும்படி தேக்கில் ஒரு வளையம் கடைந்து வாங்கித் தந்தார். அதற்குத் தனியாக 400 ரூபாய். பெட்டியின் பின்பலகையை ஆணியால் அடிக்காமல் திருகாணியால் பொருத்தியது அம்மாவின் விருப்பப்படி. 65 வயதுப் பிரிவில் எறியப் போகிறவருக்கு அதைத் திறக்க வேண்டிய தேவை வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, நாமேதான் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. சாதாரணக் கண்ணாடி போட்டிருப்பதால் பகலில் எதிர்ச் சன்னல் முழுவதும் அதில் தெரிகிறது. கூடுதல் விலையில் பிரதிபலிக்காத கண்ணாடி கிடைக்கும் என்பதை அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அங்குல ஆழமுள்ள பெட்டி, கண்ணாடி, கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய் ஆனது. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். செய்த வேலைக்கு இந்த விலை நியாயமானது என்றே கருதுகிறேன்.

பெட்டி நல்ல கனம். சுவரில் ரால் பிளக் வைத்து இரண்டு திருகாணிகளில் மாட்டுங்கள். கடல் பார்த்த சுவரையும் வெயில் விழும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள், ரிப்பனின் நிறம் வெளுத்துவிடும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் கடை முழுவதும் சாமி படங்கள் குவிந்திருக்கும் என்பதால், அதற்கு வெகுமுன்பே போவது நல்லது. எந்தப் பதக்கம் எந்த ஆண்டில், எந்தப் பிரிவில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முடிந்தால் வாங்கியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.