நிக்கோவா, தொகாகுஷியா?

டோக்கியோவில் வேலை முடிந்து ஒரே ஒரு நாள் மிஞ்சியது. மலைமேல் இருக்கும், ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் பழைய கோயில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று முடிவு செய்தேன். நிக்கோ ஊரிலுள்ள தொஷோகு கோயிலுக்கு முந்தைய பயணத்தில் போயிருந்ததால் இந்த முறை நகானோ நகரத்துப் பக்கம் மலையில் இருக்கும் தொகாகுஷி. இரண்டையும் பார்த்தபிறகு, ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் தொகாகுஷி என்பேன்.

போக்குவரத்தில் நிக்கோதான் சுலபம். டோக்கியோவின் அசகுசா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். தொகாகுஷிக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் நகானோ வரை, அப்புறம் மலைப்பாதையில் ஒரு மணி நேரம் பேருந்து. செலவும் கூடுதல்தான்.

நிக்கோ சாதாரண இடம் இல்லை. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர் தொகுகாவா இயெயாசுவைத் தெய்வமாக வைத்து 1617-இல் எழுந்த கோயிலை, பேரன் இயெமிட்சு 1636-இல் இன்றிருக்கும் பிரம்மாண்டத்துக்குத் திருப்பிக் கட்டினார். யோமெய்மோன் வாயிலில் மட்டும் 500-க்கு மேல் சிற்பங்கள். அதில் ஒரு தூணின் வடிவத்தை வேண்டுமென்றே தலைகீழாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முழுமை அடைந்த கணத்திலிருந்து அழிவு ஆரம்பிக்கும் என்ற நம்பிக்கையாம். அந்தத் தூணைத் தேடிக் கண்டுபிடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் வாயில், மூன்று குரங்குகள், தூங்கும் பூனை என்று ஒவ்வொன்றின் முன்னும் வரிசை, பின்னாலிருந்து நகரச் சொல்லும் கூட்டம். நான் போனது இலை சிவக்கும் நவம்பர் சனிக்கிழமை. ஜூன் மாதப் புதன்கிழமை காலையில் போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

எனக்குத் தீர்ப்பைச் சொன்னது நடை. தொகாகுஷியில் மலையடிவாரமும் மேலுமாக ஐந்து கோயில்கள். அதில் ஒகுஷா என்ற உள்கோயிலுக்குச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் போகவேண்டும், வண்டி போகாது. முதல் பாதி சமதளம், பக்கத்திலேயே சின்ன ஓடை, காலடியில் சரளைக்கல் சத்தம். நடுவழியில் சிவப்பு நிற ஸுய்ஷின்மோன் வாயில், கூரை முழுக்க வைக்கோல், அதன்மேல் பெரணிச்செடி முளைத்துத் தொங்குகிறது. அதைத் தாண்டியதும் 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுகி (ஜப்பானிய தேவதாரு) மரங்கள் இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் நிற்கும், வெளிச்சம் சட்டென்று குறையும், பேசிக்கொண்டு வந்தவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்துவார்கள். வேர்கள் பாதை ஓரம்வரை வந்து நிற்கின்றன. ஒன்றின்மேல் கை வைத்தேன், ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கடைசிப் பகுதி கற்படிகள், மூச்சு வாங்கும். மேலே போனால் சன்னதி பனிச்சரிவில் இடிந்து திரும்பக் கட்டிய எளிமையான கான்கிரீட் கட்டடம். கலைவேலைப்பாடு தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் பின்னால் செங்குத்தாக எழும் தொகாகுஷி மலையைப் பார்த்ததும் எதற்காக இவ்வளவு தூரம் நடக்க வைத்தார்கள் என்று புரிந்தது. சூரியதேவி அமதெராசு ஒளிந்திருந்த குகையின் கல்கதவைப் பிடுங்கி எறிந்தாரே ஒரு தெய்வம், அந்தக் கதவு விழுந்த இடம்தான் இந்த மலை என்பது ஐதீகம். எறிந்தவர் தஜிகராஓ, அவர்தான் இங்கே குடியிருக்கிறார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்து கும்பிட்டேன். அந்தக் கைதட்டல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது போலிருந்தது.

பக்கத்திலேயே ஒன்பது தலை நாகத்துக்கு ஒரு சின்ன சன்னதி. பல்வலி தீரப் பேரிக்காய் படைப்பது அங்கே பழைய வழக்கம்.

நான் பார்த்தது அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு வார நாள். குளிர்காலத்தில் இந்தப் பாதை பனியில் மூடிவிடும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் நிக்கோவையே வைத்துக்கொள்ளலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போனால் ஒகுஷாவை விட்டுவிட்டு, ஐந்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சூஷா கோயிலோடு நின்றுகொள்ளுங்கள். அங்கே 800 ஆண்டுகள் பழைய மூன்று சுகி மரங்கள் இருக்கின்றன. எதிரில் சோபா என்ற பக்வீட் நூடுல்ஸ் கடைகளும் உண்டு, மூங்கில் தட்டில் சிறுசிறு முடிச்சாக வைத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும், நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.