ஐபி முகவரியை யார் கொடுப்பது: தலைமை அலுவலக சர்வரா, கிளை ரவுட்டரா?

கிருஷ்ணகிரியில் தலைமை அலுவலகம், தருமபுரியில் குடோன், காரிமங்கலத்தில் எடை மேடை. மாங்கூழ் தொழில் செய்யும் ஒருவருக்கு இந்த மூன்றையும் இணைத்துக் கொடுத்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் தனி நெட்வொர்க், நடுவில் ரவுட்டர்கள்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணை, தானாகக் கொடுக்கும் முறை டிஎச்சிபி. அதில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் "யாராவது முகவரி கொடுங்கள்" என்று தன் நெட்வொர்க் முழுக்கக் கூவும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. அதனால் கிளை ரவுட்டரே முகவரி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது ரிலேயாக நின்று, கோரிக்கையை கிருஷ்ணகிரி சர்வருக்கு அனுப்ப வேண்டும்.

முதலில் ரிலேதான் வைத்தேன். யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்று ஒரே திரையில் தெரிவது பெரிய வசதி. ஆனால் சீசன் நேரத்தில், வெளியே மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்க, எடை மேடைக் கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்து நின்றது. யாரும் பதில் சொல்லாதபோது விண்டோஸ் தானாகவே போட்டுக்கொள்ளும் முகவரி அது. ரிலே அமைப்பை மூன்று முறை சரிபார்த்தேன், தப்பே இல்லை. அப்புறம் சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால், கோரிக்கை ஒழுங்காக வந்திருக்கிறது, சர்வரும் பதில் அனுப்பியிருக்கிறது. பதில்தான் கிளைக்குப் போய்ச் சேரவில்லை. ரிலே தன் முகவரியைக் கோரிக்கையில் எழுதி அனுப்பும்; எந்த ஸ்கோப்பிலிருந்து (ஒரு நெட்வொர்க்குக்கென ஒதுக்கிய முகவரித் தொகுப்பு) கொடுப்பது என்று சர்வர் முடிவு செய்வதும் அதை வைத்துத்தான், பதிலை அனுப்புவதும் அதற்குத்தான். எங்கள் சர்வரின் கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குகளுக்குப் போகும் வாசல், பிராட்பேண்ட் மோடத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால், காரிமங்கலத்துக்கான பதில் இணையப் பக்கம் போய்க் காணாமல் போனது. சர்வரில் கிளைக்கு ஒரு ரூட் (அந்த நெட்வொர்க்குக்கு எந்த ரவுட்டர் வழியாகப் போவது என்ற குறிப்பு) சேர்த்ததும் முகவரி வந்தது. இப்படி ஒரு சிக்கல் வந்தால், கிளைக் கம்ப்யூட்டருக்குக் கையால் முகவரி போட்டு சர்வரைப் பிங் செய்து பாருங்கள். பதில் வராவிட்டால் முதலில் ரூட்டைப் பாருங்கள்.

ரிலேயில் இன்னொரு கண்ணி உண்டு. முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், அதற்கு லீஸ் என்று பெயர். லீஸின் பாதிக் காலம் ஆனதும் கம்ப்யூட்டர் ரிலேயை விட்டுவிட்டு நேராக சர்வரிடமே புதுப்பிக்கக் கேட்கும். ஃபயர்வாலில் ரிலேயின் முகவரிக்கு மட்டும் டிஎச்சிபி சர்வர் கேட்கும் 67-ஆம் போர்ட்டைத் திறந்திருந்தால் அது தோற்கும். 87.5 சதவீதக் காலம் கடந்ததும் மறுபடி பிராட்காஸ்ட், அதாவது முன்பு சொன்ன கூவல்; ரிலே வழியாகக் கிடைத்துவிடும். அதனால் பல நாள் யாருக்கும் தெரியாமலே இருக்கும்.

கிளை ரவுட்டரே கொடுத்தால் இந்தத் தொல்லை இரண்டும் இல்லை. லைன் அறுந்தாலும் புதிதாக ஆன் செய்யும் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கும், எடைச் சீட்டு பிரிண்டரில் வரும். குறை என்னவென்றால், டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சர்வர்) முகவரி ஒன்று மாறினாலும் ஒவ்வொரு ரவுட்டராக நுழைந்து மாற்ற வேண்டும். சில மலிவான ரவுட்டர்கள் கரண்ட் போய் வந்ததும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடும். இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே முகவரி போக வழி உண்டு.

கையால் போடுவது சர்வருக்கும் பிரிண்டருக்கும் போதும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் சீசன் அலுவலகத்துக்கு அது ஒத்துவராது.

ஒரே வளாகத்துக்குள் பத்து வீலான் (ஒரே ஸ்விட்ச், கேபிளில் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்) என்றால் நான் யோசிக்காமல் மைய சர்வரும் ரிலேயும்தான் வைப்பேன்; அங்கே லைன் அறுகிற பேச்சே இல்லை. நெடுஞ்சாலை ஓரம் தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுகிற காரிமங்கலத்துக்கு ரவுட்டர்தான். ரிலேயை எடுத்துவிட்டு அதையே கொடுக்கவைத்தேன். பிரிண்டருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கி, அதை எழுதி எடை மேடை அறைச் சுவரிலும் ஒட்டிவிட்டு வந்தேன்.