டிரையரில் சூடு வரவில்லையா? மின்சார டிரையர் ஒரு வழி, கேஸ் டிரையர் வேறு வழி

அமெரிக்கா, கனடா வீடுகளில் இருக்கும் துணி உலர்த்தும் டிரையர்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் சூடாகும், மீதி கேஸில். கெட்டுப்போனால் இரண்டிலும் ஒரே கதைதான்: டிரம் சுற்றும், சத்தம் வரும், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணி சில்லென்று ஈரமாகவே கிடக்கும். ஆனால் கோளாறைத் தேடும் வழி வேறு வேறு. அதனால் சாமான் வாங்கும் முன் உங்களுடையது எது என்று பாருங்கள். தடித்த ஒயரும் பெரிய பிளக்கும் இருந்தால் மின்சாரம். சாதாரண பிளக்கோடு கேஸ் குழாயும் வந்தால் கேஸ்.

மின்சார டிரையரில் முதலில் வீட்டு மின்பலகையில் இருக்கும் பிரேக்கரைப் பாருங்கள். டிரம் சுற்றுகிறதே, கரண்ட் வரத்தானே செய்கிறது என்று நினைத்துத்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த நாடுகளில் மோட்டாருக்கு 120 வோல்ட் போதும், ஹீட்டருக்கு 240 வோல்ட் வேண்டும். இரண்டு 120 வோல்ட் லைன்கள் சேர்ந்துதான் அந்த 240. ஒரு லைன் மட்டும் போனால் மோட்டார் ஓடும், சூடு வராது. இரட்டை பிரேக்கரை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். திரும்பவும் விழுந்தால் எலக்ட்ரீஷியன் வேலை.

பிரேக்கர் சரி என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை எடுத்து மின்தடையை அளக்க வேண்டும். 5,400 வாட் ஹீட்டர் காயில் என்றால் சுமார் 10, 11 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காயில் நன்றாக இருந்தால் அடுத்து தெர்மல் ஃபியூஸ் (அளவுக்கு மீறிச் சூடானால் எரிந்து மின்சாரத்தைத் துண்டிப்பது), தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துவது). மீட்டர் இல்லாமல் ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவு.

கேஸ் டிரையரில் பெரும்பாலும் கண்ணே போதும். கீழே பர்னர் தெரிகிற இடத்தில் குனிந்து பாருங்கள். தீ பற்றவைக்கும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனியும், ஒரு நிமிடத்துக்குள் குப்பென்று நீலத் தீ பிடிக்கும். கனியவே இல்லை என்றால் இக்னைட்டரோ ஃபியூஸோ போயிருக்கலாம். கனிந்து, தீ பிடிக்காமலே அணைந்தால் கேஸ் வால்வைத் திறக்கும் மின்காயில்கள்மேல் சந்தேகப்படலாம்; கேஸ் குழாய் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் நன்றாக எரிந்துவிட்டு, பாதியில் நின்று, ஆறிய பிறகு மறுபடி எரிந்தால் அனேகமாகக் காயில்கள்தான்: சூடேறினால் அவை வால்வைத் திறக்கும் வலுவை இழக்கின்றன.

ஆக, கண்டுபிடிக்க கேஸ் சுலபம், கைவைக்க மின்சாரம் சுலபம் என்பது என் கருத்து. கேஸிலும் காயில்களை மாற்ற கேஸ் லைனைத் திறக்க வேண்டியதில்லை, அவை வால்வின் மேல் உட்கார்ந்திருப்பவை. ஆனால் வால்வே கெட்டிருந்தால் உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று இருக்கிறது: காற்று வெளியேறும் குழாயில் அடைத்த பஞ்சுத் தூசி. ஃபியூஸ் எரிவதற்குப் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் எரியும். டிரையர் ஓடும்போது வெளிச்சுவரில் இருக்கும் மூடி நன்றாகத் திறந்து சூடான காற்று வேகமாக வர வேண்டும். லேசாகத் துடித்தால் உள்ளே அடைப்பு. மின்சார டிரையரில் குழாயைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். கேஸில் அப்படிச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் வரும். தூசி வடிகட்டியில் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள். வழியாமல் மேலே தேங்கி நின்றால், துணியோடு டிரையரில் போடும் வாசனைத் தாள்களின் மெழுகு வலையில் படிந்திருக்கிறது. சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

சிலர் எரிந்த ஃபியூஸுக்குப் பதில் ஒயரை நேராக இணைத்து ஓட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அங்கே பஞ்சுத் தூசி இருக்கிறது, பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த கம்பியோ தீயோ இருக்கிறது. தீப்பிடிக்காமல் காப்பது அந்தச் சிறிய ஃபியூஸ்தான்.