மெக்பர்சன்லேர்ந்து ஒரு ரிவ்யூ: ஓட்டுச் சேவைக்கு நாலரை ஸ்டார், தொகுதிக்கு ரெண்டு

சிங்கப்பூர்ல ஓட்டு போடுறதைப் பத்தி ரிவ்யூ எழுதணும்னா என்னால ஒரே மார்க் போட முடியாதுங்க. தேர்தலுக்கு முன்னாடியும் அன்னைக்கும் நமக்குக் கிடைக்குற சேவை ஒன்னு, நம்மள எந்தத் தொகுதிக்குள்ள வச்சிருக்காங்கங்குறது இன்னொன்னு. முதலாவதுக்கு 5-க்கு நாலரை தாராளமா தருவேன். ரெண்டாவதுக்கு ரெண்டுதான், அதுவும் ஏன் ரெண்டுன்னு கீழ சொல்றேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். சிங்பாஸ்ல (அரசாங்கச் சேவைகளுக்கான டிஜிட்டல் அடையாளம்) லாகின் பண்ணி வாக்காளர் பட்டியல்ல நம்ம பேரு இருக்கான்னு பார்க்க ஒரு நிமிஷம் கூட ஆகாது, போன் பயன்படுத்தத் தெரியாத பெரியவங்க சமூக மன்றத்துலயே போய்ப் பார்த்துக்கலாம். நாலு மொழியிலயும் தகவல் வருது, எங்கப்பாவுக்கு வயசு 80 ஆச்சு, தமிழ்ல எழுதியிருக்குறதை அவரே படிச்சு அவரே புரிஞ்சுக்குறாரு, அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். வாக்களிப்பு நிலையம் பெரும்பாலும் நடந்து போற தூரம், பள்ளிக்கூடமோ பக்கத்து புளோக் கீழ்தளமோ. வயசானவங்களுக்குத் தனி வரிசை. கண் பார்வை இல்லாதவங்க யார் உதவியும் இல்லாம தானே குறி போட ஓட்டுச் சீட்டு மேல வைக்குற ஸ்டென்சில் கூட இருக்கு. 2020-ல மட்டும் கொரோனா நேரம், கையில கிளவுஸ் மாட்டச் சொன்னதுல வரிசை நீண்டு போச்சு, அன்னைக்கே கிளவுஸ் வேணாம்னு நிறுத்திட்டு, ராத்திரி 8 மணிக்கு முடிய வேண்டியதை 10 வரைக்கும் நீட்டினாங்க. 2023 அதிபர் தேர்தல்ல நானும் அப்பாவும் போனோம், உள்ள போனதும் தெரியல வெளிய வந்ததும் தெரியல, அவ்ளோ சீக்கிரம். அந்த அரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, சீட்டுல இருக்குற வரிசை எண்ணைப் பார்த்துட்டு நாம யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு இன்னமும் பயப்படுற ஆளுங்க இருக்காங்க. எண்ணி முடிச்ச சீட்டுகளை சீல் வச்சு உச்ச நீதிமன்றத்துல 6 மாசம் பூட்டி வச்சு அப்புறம் அழிச்சிடுறாங்க, வரிசை எண் இருக்குறதே கள்ளச் சீட்டு கலக்காம இருக்கத்தான், இதை வாக்களிப்பு நிலைய வாசல்லயே பெருசா எழுதி ஒட்டலாம்ல?

இப்ப தொகுதி. நாங்க மெக்பர்சன்ல ஒரே புளோக்குல, ஒரே வீட்டுல பல வருஷமா இருக்கோம். 2011 தேர்தல்ல நாங்க மரீன் பரேட் குழுத்தொகுதி, அதாவது பல பேரு ஒரே குழுவா நின்னு மொத்தமா எம்பி ஆகுற தொகுதி. 2015-லயும் 2020-லயும் மெக்பர்சன் தனித்தொகுதி, அதாவது ஒரே ஒரு எம்பியைத் தேர்ந்தெடுக்குற தொகுதி. 2025-ல மறுபடி குழுத்தொகுதி, பேரு மரீன் பரேட் - பிரேடல் ஹைட்ஸ். நாங்க ஒரு நாற்காலியைக் கூட நகர்த்தல, கோடுதான் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கிட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் நமக்குத் தெரிஞ்ச எம்பி யாரு, எதிர்த்து நிக்குறவரு யாரு, யாருகிட்ட போய் லிஃப்ட் பிரச்சினையைச் சொல்றதுன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

அதுக்கும் நேரம் கொடுத்தா பரவாயில்ல. 2025-ல புது எல்லைகள் வெளிய வந்தது மார்ச் 11, ஓட்டு மே 3, நடுவுல 53 நாள். 2015-ல இன்னும் கம்மி, 49 நாள்தான். 2020-ல மட்டும் கிட்டத்தட்ட நாலு மாசம் கிடைச்சுது. இத்தனை நாள் இடைவெளி கட்டாயம்னு சட்டத்துல ஒரு வரி இருந்தா போதும், என் ரேட்டிங்ல உடனே ஒரு ஸ்டார் ஏறிடும்.

சரி, குழுத்தொகுதியே வேணாமான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1988-ல மூணு மூணு பேரா 13 குழுத்தொகுதியோட இதைக் கொண்டு வந்தப்ப சொன்ன காரணம் நமக்கு நேரடியா சம்பந்தப்பட்டது, ஒவ்வொரு குழுவுலயும் ஒரு மலாய்க்காரரோ இந்தியரோ வேற சிறுபான்மைக்காரரோ கட்டாயம் இருக்கணும். இந்தியர் இங்க பத்துல ஒரு பங்கு கூட இல்ல, 1989-லேர்ந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள்ல எந்த இனத்துக்காரங்க எவ்ளோ பேரு இருக்கலாம்னு விகிதம் வேற இருக்குறதால எந்த வட்டாரத்துலயும் நம்ம ஆளுங்க கூட்டமா இருக்க முடியாது, அப்ப நாடாளுமன்றத்துல நம்ம முகம் நிச்சயமா இருக்கணும்னா இது ஒரு வழிதான். அந்த ரெண்டு ஸ்டாரும் இதுக்குத்தான். ஆனா இது இல்லாமலே நம்மாளு ஜெயிச்சதும் இருக்கு. 1981 ஆன்சன் இடைத்தேர்தல்ல ஜே. பி. ஜெயரத்னம் தனித்தொகுதியில நின்னு ஜெயிச்சாரு, அதுவும் ஆளுங்கட்சியை எதிர்த்து. ஆளுங்கட்சிப் பக்கம் முரளி பிள்ளை புக்கிட் பாத்தோக்ல 2016-லயும் 2020-லயும் தனியா ஜெயிச்சாரு, அந்தத் தனித்தொகுதியும் 2025-ல ஒரு குழுத்தொகுதிக்குள்ள கரைஞ்சு போச்சு. அப்புறம் 2017-ல ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக எம்பி பதவியை விட்டு விலகினப்ப அவரோட மார்சிலிங் - இயூ டீ குழுத்தொகுதியில இடைத்தேர்தலே வைக்கல, அந்தக் குழுவுல சிறுபான்மைக்காரருக்குன்னு இருந்த இடமே அதுதான். சிறுபான்மைக்காரருக்குத்தான் இந்த ஏற்பாடுன்னா அந்த இடத்தை நிரப்பியிருக்கணும்ல, இதுக்கு யாராச்சும் எனக்குப் புரியுற மாதிரி பதில் சொல்லுங்க.

இப்ப 97 எம்பியைத் தேர்ந்தெடுக்குறோம், 18 குழுத்தொகுதியில 82 பேரு, 15 தனித்தொகுதியில 15 பேரு. குழுத்தொகுதியில ஒரு ஓட்டுதான், போட்டா நாலு பேருக்கோ அஞ்சு பேருக்கோ சேர்த்து மொத்தமா போகும். அஞ்சு பேருல ஒருத்தரை ரொம்பப் புடிக்கும் இன்னொருத்தரைப் புடிக்கவே புடிக்காதுன்னா பிரிச்சுக் காட்ட வழியே கிடையாது. தனித்தொகுதியா இருந்தப்ப ஒரே ஒரு ஆளைப் பத்தி யோசிச்சு ஓட்டு போட்ட எங்களுக்கு இது நல்லாவே வித்தியாசம் தெரியுது.

நான் இதை உட்கார்ந்து எழுதுறதுக்குக் காரணமே 2025 ஏப்ரல் 23தான். என் மகளுக்கு அப்ப 22 வயசு. 21 ஆனாத்தான் ஓட்டு, 2023 அதிபர் தேர்தலப்ப அவளுக்கு 20, அதனால இதுதான் அவளோட முதல் ஓட்டு. பட்டியல்ல பேரு வந்திருச்சான்னு அவளே ரெண்டு தடவை பார்த்தா, தாத்தாவைக் கூட்டிட்டுப் போறது நான்தான்னு சொல்லி வச்சிருந்தா. வேட்புமனுத் தாக்கல் மத்தியானம் 12 மணிக்கு முடிஞ்சுது, எங்க தொகுதியில ஒரே ஒரு குழுதான் மனு கொடுத்திருந்துச்சு. அவ்வளவுதான், போட்டியில்லாம அஞ்சு பேரும் எம்பி ஆயிட்டாங்க. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல வாக்காளர் இருக்குற தொகுதி, அன்னைக்கு மத்தியானத்தோட எங்க தேர்தல் முடிஞ்சு போச்சு. 2001-ல 84 இடத்துல 55 இடம் இப்படிப் போட்டியில்லாமத்தான் போச்சு, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது பழக்கம். ஆனா 2011-ல தஞ்சோங் பகாருக்கு அப்புறம் இப்படி ஒன்னு நடக்கல, 2015-லயும் 2020-லயும் எல்லா இடத்துலயும் போட்டி இருந்துச்சு, அதனால எங்க வீட்டுல யாரும் இதை எதிர்பார்க்கல. மெக்பர்சன் தனியாவே இருந்திருந்தா யாராச்சும் ஒருத்தராவது வந்து நின்னிருப்பாங்களோங்குற எண்ணம் எனக்கு இன்னமும் போகல, அஞ்சு பேரைத் தேடிப் புடிச்சு அதுல ஒருத்தர் சிறுபான்மைக்காரரா இருக்கணும்ங்குறது சின்னக் கட்சிக்கு எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

சட்டப்படி ஓட்டு போடுறது கட்டாயம், காரணமில்லாம போடலேன்னா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க, திரும்பச் சேர்க்க 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணும். அப்பா இதைக் கேட்டுட்டு "நம்ம பேரையும் எடுத்துடுவாங்களாம்மா?"ன்னு பேத்திகிட்ட கேட்டாரு. எடுக்க மாட்டாங்க, போட்டியில்லாத தொகுதியில யாரும் ஓட்டு போட வேண்டியதில்லன்னு அவதான் பொறுமையா எடுத்துச் சொன்னா.

புதுசா வீடு வாங்குறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், எல்லை அறிவிப்பு வந்த அன்னைக்கே உங்க ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் போட்டு எந்தத் தொகுதின்னு பார்த்துடுங்க, போன தடவை எதுவோ அதுதான் இப்பவும்னு இருந்துடாதீங்க, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தொகுதி இந்தப் பக்கம் ஒரு தொகுதின்னு கூட வரும்.

மே 3 அன்னைக்கு ராத்திரி மத்த தொகுதி முடிவெல்லாம் டிவியில வந்துக்கிட்டிருந்துச்சு, மூணு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அடுத்த அதிபர் தேர்தல் 2029-ல, அதுல போட்டி இருந்தா அவ முதல் ஓட்டு அதுதான். அப்ப அவளுக்கு 26 ஆயிருக்கும், அப்பாவுக்கு 84.